அது வெறும் வாய்வுதான்!

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் அப்பா அம்மாக்களின் பெட்டிகளை விமான நிலையத்தில் ஸ்கேன் செய்கிறவர்களுக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். நம் குடும்பங்களைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு தெரிந்திருக்கும். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, மொட்டைமாடியில் காய்ந்த வடாம், பிரசவ லேகியம், பிறக்கப் போகிற குழந்தைக்கு வசம்பு. ஒரு மூலையில் ஆறு மாதத்துக்கான மாத்திரைகள். சர்க்கரைக்கு, பி.பி.க்கு, கொலஸ்ட்ராலுக்கு. கூடவே எதற்கும் இருக்கட்டும் என்று ஜெலுசில் நாலு அட்டை.

கைப்பையில் பாஸ்போர்ட்டோடு ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் மடித்து வைத்த இன்சூரன்ஸ் காகிதம். பொடிகளை கிராம் கணக்கில் எடை போட்டு அடுக்கியவர்கள், அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார்கள். வாங்கிக் கொடுத்த பிள்ளையும் படித்திருக்க மாட்டான். இந்த வாரம் அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வயது 67. பெயர் வேண்டாம், சார் என்றே வைத்துக்கொள்வோம். பால் பாக்கெட் கணக்கையும் பைசா சுத்தமாக டைரியில் எழுதுகிறவர். பேரன் பிறப்புக்காக மனைவியோடு நியூ ஜெர்சிக்குப் போனார். சுற்றுலா விசாதான். ஆறு மாதம் தங்கலாம்.

நான்காவது மாதம். வெளியே பனி கொட்டுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம். இடது தோள்வரை இழுக்கிறது. மனைவி விழித்துக்கொண்டார்.

"என்னங்க, இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல. வாய்வு. நேத்து அந்த பீட்சாவைத் தின்னிருக்கக் கூடாது."

"பையனை எழுப்பட்டுமா?"

"சும்மா இரு. எழுப்பினா உடனே ஆஸ்பத்திரிம்பான். இங்க ஆஸ்பத்திரின்னா எத்தனை லட்சம் தெரியுமா? விடிஞ்சா சரியாயிடும்."

ஜெலுசில் இரண்டு. வெந்நீர் ஒரு டம்ளர். விடிந்ததும் கொஞ்சம் சரியான மாதிரிதான் இருந்ததாம். பகல் முழுக்கப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்திருக்கிறார். மறுநாள் ராத்திரி மறுபடியும் பாரம். மறுபடியும் ஜெலுசில். அதற்கும் மறுநாள் ராத்திரி படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. அம்மா இந்த முறை கேட்காமலே போய்ப் பையனை எழுப்பினார். 911. ஆம்புலன்ஸ். இதய ரத்தக்குழாயில் இரண்டு அடைப்பு. இரண்டு ஸ்டென்ட். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. இதய தசையில் ஒரு பகுதி போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் ராத்திரியே வந்திருந்தால் அதில் கணிசமான பகுதியைக் காப்பாற்றியிருக்கலாமாம்.

பிறகு பில் வந்தது. ஆறு இலக்கம். டாலரில்.

பையன் பதறவில்லை. அதுதான் இன்சூரன்ஸ் இருக்கிறதே! அனுப்பினான். சில வாரங்களில் பதில் வந்தது. இரண்டே காரணம். ஒன்று, இவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் இருந்திருக்கிறது. எனவே இது ப்ரீ-எக்ஸிஸ்டிங், அதாவது பாலிசிக்கு முன்பே இருந்த நோய் சம்பந்தப்பட்டது. முன்பே இருந்த நோய் திடீரென்று முற்றினால் பணம் தருவதாக பாலிசியில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். இவர் போகவில்லை. இது இரண்டாவது காரணம்.

போகவில்லை என்பது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? சார்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் "வலி எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், "முந்தாநாள் ராத்திரி இரண்டு மணிக்கு" என்று நிமிஷ சுத்தமாகச் சொல்லியிருக்கிறார். அது கேஸ் ஷீட்டில் ஏறியது. கேஸ் ஷீட் கம்பெனிக்குப் போனது.

கணக்கைப் பாருங்கள். செலவுக்குப் பயந்து சார் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டார் என்று சொல்லியே மொத்தச் செலவையும் அவர் தலையில் கட்டினார்கள். எந்த பயத்தைப் போக்குவதற்காக பாலிசி வாங்கினார்களோ, அந்த பயம் இருந்ததாலேயே பாலிசி செல்லாமல் போய்விட்டது.

உடனே "அமெரிக்காவே அப்படித்தான் சார், பணம் பிடுங்கி தேசம்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த மருத்துவ விலைவாசி ஒரு அயோக்கியத்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியவுடன் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நேராக கேத் லேப் கொண்டு போனார்கள். இன்சூரன்ஸ் அட்டை எங்கே என்று கேட்கிற பெண்மணி அதற்குப் பிறகுதான் வந்தார். அது அவர்களுடைய நல்ல மனசு மட்டும் இல்லை, சட்டம். 1986-ல் அமெரிக்கா போட்ட சட்டம் அது. மெடிகேர் திட்டத்தில் சேர்ந்திருக்கிற, எமர்ஜென்சி பிரிவு வைத்திருக்கிற எந்த ஆஸ்பத்திரியும் - கிட்டத்தட்ட எல்லா ஆஸ்பத்திரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள் - அவசரமாக வருகிற எவரையும் பரிசோதித்து, ஆபத்து நிலையைத் தாண்ட வைத்தே ஆகவேண்டும். காசு இருக்கிறதா, எந்த ஊர்க்காரர், என்ன விசா என்று பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. இலவசம் என்று அர்த்தமில்லை. பில் பின்னாலேயே வரும். ஆனால் முதலில் உயிர், அப்புறம் பில்.

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுதாம்? விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு உடனே சிகிச்சை தருவது எல்லா டாக்டர்களின் கடமை என்று நம் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் கேஷ் கவுண்டர்தான் கண்ணில் படும். அதனால் அமெரிக்காவைத் திட்டுவதை இன்னொரு வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். என் கோபம் வேறு மூன்று பேர்மேல்.

முதலில், இந்த பாலிசியை விற்கிறவர்கள்.

அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் மருத்துவ இன்சூரன்ஸ் விற்கிறீர்கள். அந்த வயதில் அவருக்கு என்ன வரும்? மாரடைப்பு வரும். பக்கவாதம் வரும். சர்க்கரை ஏறும், இறங்கும். இவை எல்லாவற்றுக்கும் வேர் எங்கே இருக்கும்? ஏற்கெனவே இருக்கிற பி.பி.யிலும் சர்க்கரையிலும் கொலஸ்ட்ராலிலும்தான். அந்த வேரை வெட்டிவிட்டால் பாலிசியில் மிச்சம் என்ன? வழுக்கி விழுந்து கால் உடைந்தால் உண்டு. சளி ஜுரம் வந்தால் உண்டு. முடிவெட்டக் காசு வாங்கிக்கொண்டு, தலையைத் தொடமாட்டேன் என்று சொல்கிற சலூன் மாதிரி இருக்கிறது இது.

நாட்டு நிலவரம் தெரியாமல் இதைச் செய்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. அதை முன்னின்று நடத்தியதே சென்னையில் இருக்கிற சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம்தான். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல். வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம். இது இருபது வயதுப் பையன்களையும் சேர்த்த கணக்கு. அறுபதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே உங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்தத் 'திடீர்' விதிவிலக்கின் சொற்களைப் படித்துப் பார்த்தேன். வக்கீல் வீட்டுக் குழந்தை எழுதிய கவிதை மாதிரி இருக்கிறது. நோய் திடீரென்று வர வேண்டும். முன்கூட்டி எந்த அறிகுறியும் இருந்திருக்கக் கூடாது. டாக்டர் எந்த எச்சரிக்கையும் கொடுத்திருக்கக் கூடாது. வேகமாக முற்ற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குறிப்பிட்ட வயதுக்கு மேல் இருந்தால் இந்தச் சலுகையே குறையும், அல்லது கிடையாது. நோய்க்கு முதலில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் போல.

இது போதாதென்று பாலிசிகளில் இரண்டு ஜாதி. ஒன்றில், ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இவ்வளவு, ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவு, ஒரு ஸ்கேனுக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டு அந்தத் தொகையை மட்டும் தருவார்கள். உண்மையான பில் அதைப் போல பத்து மடங்கு இருந்தாலும் மீதி உங்கள் பாடு. இன்னொன்றில், முதலில் ஒரு தொகையை நீங்கள் கட்ட வேண்டும், அப்புறம் முதல் 5,000 டாலர் வரை பெரும்பாலும் 80 சதவீதம் அவர்கள், 20 சதவீதம் நீங்கள், அதற்கு மேல் உச்சவரம்பு வரை முழுக்க அவர்கள் பொறுப்பு. இரண்டாவதுதான் உருப்படியானது. விலை கூடுதல். சாருக்குப் பையன் வாங்கியது முதல் ஜாதி. அந்த 24 மணி நேர வேலியைத் தாண்டியிருந்தாலும், வந்திருக்கக் கூடிய பணம் பில்லின் ஒரு ஓரத்தைத்தான் தொட்டிருக்கும். அட்டையின் முகப்பில் என்னவோ '50,000 டாலர் கவரேஜ்' என்று கொட்டை எழுத்தில்தான் இருந்தது.

"ஏம்ப்பா, நம்ம ஊர் கம்பெனியில எடுத்திருக்கலாமே?" என்று பையனிடம் போனில் கேட்டேன். அவன் சிரித்தான். "அங்கிள், அவங்க கிளெய்ம் குடுப்பாங்கன்னு நம்பறீங்களா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு வழக்கு தெரியும். 2009 மே மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக அமெரிக்கா புறப்பட்ட ஒருவர், யுனைடெட் இந்தியாவில் வெளிநாட்டு மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்தார். அரசுத் துறை நிறுவனம். தலைமையகம் நம் சென்னையில்தான். தனக்குச் சர்க்கரை இருப்பதை அவர் மறைக்கவில்லை, விண்ணப்பத்தில் சொன்னார். மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. எல்லாம் பார்த்துத்தான் பாலிசி கொடுத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் போய் இறங்கியதும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட். திரும்பி வந்து பணம் கேட்டால், கொலஸ்ட்ரால் இருந்ததைச் சொல்லவில்லை, ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையமும் கம்பெனி பக்கமே நின்றது.

மனிதர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. வெளிநாடு போகிறவர் இன்சூரன்ஸ் எடுப்பதே எதிர்பாராமல் வருகிற நோய்க்காகத்தான். என்ன நோய் இருக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு, எடைபோட்டு, பாலிசியும் கொடுத்துவிட்டு, பிறகு அதே நோயைக் காட்டிப் பணம் தர மறுக்க முடியாது என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். அருமையான தீர்ப்பு. 2009-ல் வந்த மாரடைப்புக்கு 2021-ல் நியாயம். நடுவில் பன்னிரண்டு வருஷம். பிறந்த குழந்தை ஏழாவது வகுப்புக்குப் போயிருக்கும்!

இந்தத் தீர்ப்புக்குப் பிறகாவது விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். "எல்லாத்தையும் எழுதினா பிரீமியம் ஏறும் சார், சுகர் மட்டும் போடுங்க" என்று ஏஜென்ட் சொன்னால், அவரை மரியாதையாக வெளியே அனுப்பிவிடுங்கள். அந்த மனிதருக்கு உச்ச நீதிமன்றத்தில் கைகொடுத்தது அவர் எழுதிக் கொடுத்த உண்மைதான்.

இரண்டாவது கோபம் பிள்ளைகள்மேல். நல்ல பிள்ளைகள்தான். அப்பா அம்மாவை நயாகரா கூட்டிப்போகிறவர்கள்தான். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு கார் சீட் வாங்க மூன்று வாரம் ஆராய்ச்சி செய்கிறார்கள். எந்த கம்பெனி, எந்த மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று தலைகீழாகத் தெரியும். அப்பாவுக்கு இன்சூரன்ஸ் வாங்கும்போது மட்டும் விலைப்பட்டியலில் எது மிகக் கீழே இருக்கிறதோ அதை எடுத்து, பத்து நிமிஷத்தில் கார்டு எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். ஆறு மாதம் அம்மா சமைக்கிறாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், அப்பா இரவெல்லாம் தூக்கிவைத்துக்கொண்டு நடக்கிறார். இதற்கு அங்கே ஒரு ஆயா வைத்தால் மாதம் எவ்வளவு என்று பிள்ளைகளுக்கே தெரியும். அந்த மிச்சத்தில் ஒரு துளிதான் நல்ல பாலிசிக்கும் மட்டமான பாலிசிக்கும் உள்ள வித்தியாசம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அது நடப்பது ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற காரில். "அப்பா, இங்க எல்லாம் சூப்பர். ஒண்ணே ஒண்ணு, உடம்புக்கு மட்டும் வந்துடக் கூடாது." எல்லாப் பிள்ளையும் இதைச் சொல்கிறான். சிரித்துக்கொண்டே சொல்கிறான். கூடவே ஆபீஸ் நண்பனின் அப்பாவுக்கு ஆம்புலன்ஸுக்கு மட்டும் எத்தனை ஆயிரம் டாலர் ஆனது என்று ஒரு கதை. பல் பிடுங்க எவ்வளவு என்று இன்னொரு கதை. முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் "அப்படியா!" என்று கேட்டுக்கொள்கிறார். வாழ்க்கை முழுக்க பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வாழ்ந்த தலைமுறை அது. அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு செய்துவிடுகிறார், என்ன வந்தாலும் வாய் திறப்பதில்லை என்று. ராத்திரி இரண்டு மணிக்கு அது வாய்வு ஆகிவிடுகிறது.

சாரிடம் நான் நேரில் கேட்டேன். "நிஜமாவே வாய்வுன்னுதான் நினைச்சீங்களா சார்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "முதல் நாளே தெரியும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்தது. எனக்கு ஏதாவது ஆனாக்கூட பரவாயில்ல, அவன் வீட்டுக் கடன் கட்டறானேன்னுதான் யோசனை."

பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "பணம் என் பிரச்னை. நெஞ்சு வலிச்சா என்னை எழுப்பறது மட்டும்தான் உங்க வேலை." அதோடு நிறுத்தாமல் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருகிற பில் இறுதியான பில் இல்லை. அயிட்டம் வாரியாக விவரம் கேளுங்கள். அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் பெரும்பகுதி லாப நோக்கமற்றவை என்று பதிவு பெற்று வரிச்சலுகை அனுபவிப்பவை. 2010-ல் வந்த ஒபாமா சட்டப்படி அவை ஒவ்வொன்றும், பணம் கட்ட முடியாதவர்களுக்கு உதவும் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்குத் தகுதி பெற்றவரிடம், இன்சூரன்ஸ் உள்ளவர்களிடம் பொதுவாக வாங்குவதைவிட அதிகம் வாங்கக் கூடாது. யாருக்குத் தகுதி என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். சில இடத்தில் சுற்றுலா விசாக்காரருக்குக் கிடைக்காது. ஆனால் விண்ணப்பம் கேட்பதற்கு என்ன கூச்சம்? சாரின் பையன் முதலில் கடன் வாங்கிக் கட்டத்தான் பார்த்தான். பக்கத்து வீட்டு மெக்ஸிகோ அம்மாள்தான் "கட்டாதே, முதலில் உதவி விண்ணப்பம் கேள்" என்று சொல்லிக்கொடுத்தாராம். ஆறு இலக்கம் ஐந்து இலக்கமாக இறங்கியது. தவணை. இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது ஆள் அரசாங்கம். நம்முடையதுதான்.

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா கேட்டால், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருந்தால்தான் விசாவே. கனடா 2011-லிருந்து அப்பா அம்மா, தாத்தா பாட்டிகளுக்கென்றே சூப்பர் விசா வைத்திருக்கிறது. அதற்கு ஒரு லட்சம் கனேடிய டாலருக்கு ஒரு வருஷக் காப்பீடு கட்டாயம். முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? அந்த விசாவுக்காக அங்கே விற்கிற பாலிசிகளில், ஏற்கெனவே இருக்கிற நோய் குறிப்பிட்ட சில மாதங்களாக மருந்து மாற்றாமல் கட்டுப்பாட்டில் இருந்தால், அதையும் சேர்த்துக்கொள்கிற வகைகள் கிடைக்கின்றன. பிரீமியம் கூடுதல்தான். வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். சர்க்கரை உள்ள கிழவரை இன்சூர் செய்தால் கம்பெனி திவாலாகிவிடும் என்று இங்கே சொல்கிறார்களே, அங்கே எந்த கம்பெனி இதனால் கடையை மூடிவிட்டது?

இங்கிலாந்தில் எமர்ஜென்சி பிரிவில் பார்ப்பதற்கு யாருக்கும் காசில்லை. ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால், நம்மைப் போன்ற வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அவர்களுடைய அரசுக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆஸ்திரேலியா 11 நாடுகளோடு, உன் ஆளை நான் பார்க்கிறேன், என் ஆளை நீ பார் என்று மருத்துவ ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் நாம் இல்லை. அமெரிக்காவின் சுற்றுலா விசாவுக்கோ இன்சூரன்ஸ் இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. மிக விலை உயர்ந்த மருத்துவம் உள்ள தேசத்துக்குத்தான் நம் பெரியவர்கள் வெறுங்கையோடு போகலாம்!

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்டால், திட்டம் வகுப்பது கம்பெனிகளின் வணிக முடிவு என்பார்கள். அப்படியா? 2020 ஏப்ரலில் 'ஆரோக்ய சஞ்சீவனி' என்று ஒரு பொதுவான மருத்துவ பாலிசியை எல்லா கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று இதே ஆணையம்தானே உத்தரவு போட்டது? அப்போது எங்கே போனது வணிக முடிவு? அதே பேனாவால் இன்னொரு உத்தரவு போடட்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் வெளிநாடு போவதற்கு ஒரே மாதிரியான பாலிசி. கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இவற்றால் வரும் அவசர சிகிச்சைக்கு அதில் இடம் இருக்க வேண்டும். பரிசோதனை செய்யுங்கள், பிரீமியத்தைக் கூட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பதை, அவர்கள் படிக்கிற மொழியில், முதல் பக்கத்தில், பத்து வரியில் அச்சடியுங்கள். தமிழில் அச்சடித்தால் மை என்ன கூடுதலாகவா செலவாகும்?

கிளெய்ம் மறுக்கப்பட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம் என்பார்கள். உண்மைதான். இந்தியக் கம்பெனி பாலிசியாக இருந்தால் வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவர் தரச் சொல்லக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். ஒரு லட்சம் டாலர் பில் இன்றைய மதிப்பில் அதைத் தாண்டிவிடும். சாரைப் போல அமெரிக்கக் கம்பெனி பாலிசி என்றால் அந்தக் கதவும் இல்லை. நம் ஆணையத்தின் கை அத்தனை தூரம் நீளாது. ஆனால் நம் பிள்ளைகள் அமெரிக்க பாலிசியைத் தேடிப் போவதே நம் ஊர் கம்பெனிகள்மேல் நம்பிக்கை இல்லாததால்தான். அதற்கு ஆணையம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாரின் மகள் டொரன்டோவில் இருக்கிறாள். அவளுக்கு இது ஏழாவது மாதம். அப்பாவும் அம்மாவும் வந்தே ஆகவேண்டும் என்கிறாள். சார் போகத்தான் போகிறார், பேத்தி என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். போன மாதம் இங்கே ஒரு ஏஜென்ட் பாலிசி விற்க வந்தார். சார் ஒரு முழுப் பக்கத்தில் தான் சாப்பிடும் ஏழு மாத்திரைகளின் பெயர், அளவு, எந்தத் தேதியிலிருந்து, இரண்டு ஸ்டென்ட் எங்கே வைத்தது என்று எல்லாவற்றையும் எண் போட்டு எழுதி, கையெழுத்தும் போட்டு, ஒரு நகலை வைத்துக்கொண்டு அவரிடம் கொடுத்தார். "இத்தனையும் இருக்கு. இதுக்கெல்லாம் பணம் உண்டா இல்லையான்னு ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல எழுதிக் குடுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான். மூன்று வாரம் ஆகிறது.